சிப்பி மேடு சொல்லும் வரலாறு

அபர்டீன் பஜாரைத் தெரியாத அந்தமான்காரர் இருக்க முடியாது. நடுவில் மணிக்கூண்டு நிற்கிறது. சுற்றிலும் துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக் கடை. தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம் என்று பல மொழிகள் காதில் விழும். இந்த நகரை நாம் நெடுங்காலமாகப் போர்ட் பிளேர் என்று அழைத்தோம். 2024-ஆம் ஆண்டில் அரசு இதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியது.

இந்த ஊருக்கு எத்தனை வயது?

காகிதங்களைப் பார்த்தால் விடை எளிது. 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் என்ற ஆங்கிலேய அதிகாரி சாத்தம் தீவில் ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். பிறகு அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. 1796-இல் அதுவும் மூடப்பட்டது. 1858 மார்ச் மாதத்தில் ஆங்கிலேயர் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை கைதிகளைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். காட்டை வெட்டினார்கள். ஊர் வளர்ந்தது.

அப்படியானால் 1789-க்கு முன்னால் இங்கே யாரும் இல்லையா? இருந்தார்கள். இந்தக் கரையில் மீன் பிடித்தார்கள். இந்தக் காட்டில் பன்றி வேட்டையாடினார்கள். பிள்ளை பெற்றார்கள். பாட்டுப் பாடினார்கள். ஆனால் அவர்களிடம் எழுத்து இல்லை. அதனால் அவர்களைப் பற்றி அவர்களே எழுதிய காகிதம் ஒன்றுகூட இல்லை.

எழுதாதவர்களின் வரலாற்றை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ஒரு பக்கத்துக் கதை

அபர்டீனில் ஒரு சண்டை நடந்தது. 1859 மே 17 அன்று, வில்லும் அம்பும் ஏந்திய அந்தமான் பழங்குடி மக்கள் ஆங்கிலேயரின் குடியிருப்பைத் தாக்கினார்கள். தங்கள் காடும் கரையும் கைவிட்டுப் போவதை அவர்கள் கண்டார்கள். அதனால் திரண்டு வந்தார்கள். ஆனால் சேதி முன்னதாகவே ஆங்கிலேயருக்குத் தெரிந்துவிட்டது. துதநாத் திவாரி என்ற கைதி முன்பு தப்பி ஓடி, சுமார் ஓராண்டு அந்த மக்களோடு வாழ்ந்திருந்தார். அவர் திரும்பி வந்து தாக்குதலைப் பற்றிச் சொல்லிவிட்டார். துப்பாக்கிக்கு முன் அம்பு தோற்றது. இந்தச் சண்டையில் இறந்த பழங்குடி மக்களுக்கு நகரத்தின் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

இந்தக் கதை நமக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலேயர் எழுதி வைத்த பதிவுகளிலிருந்து தெரியும். ஒரு வழக்கில் ஒரு தரப்பின் சாட்சியை மட்டும் கேட்டால் போதுமா? போதாது. மறு தரப்பு என்ன நினைத்தது? எப்படி வாழ்ந்தது? அதைச் சொல்ல எழுத்து இல்லை.

ஆனால் வேறு சாட்சி இருக்கிறது. அது மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் சாட்சியைத் தேடிப் படிக்கும் கல்விக்குத் தொல்லியல் என்று பெயர்.

குப்பையும் பேசும்

உங்கள் தெருவில் மூன்று வீடுகளின் நேற்றைய குப்பையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

முதல் வீட்டுக் குப்பையில் மீன் செதிள், நண்டு ஓடு, தேங்காய் மட்டை. இரண்டாவது வீட்டில் பால் கவர், பிஸ்கட் உறை, உடைந்த பொம்மை. மூன்றாவது வீட்டில் மாத்திரை அட்டை, மருந்துப் பாட்டில், ரொட்டி உறை.

அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள்? யாரும் சொல்லாமலே நாம் ஊகித்துவிடலாம். முதல் வீட்டில் மீன் சமைத்தார்கள். இரண்டாவது வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கலாம். மூன்றாவது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை.

மனிதர் பொய் சொல்லலாம். பெருமைக்காகக் கூட்டிச் சொல்லலாம். வெட்கப்பட்டு மறைக்கலாம். குப்பையைப் போடும்போது யாரும் அப்படி நினைத்துப் போடுவதில்லை. அதனால்தான் தொல்லியல் ஆய்வாளர்கள் பழைய அரண்மனைகளைத் தேடுவதுபோலவே பழைய குப்பை மேடுகளையும் தேடுகிறார்கள்.

சிப்பி மேடு

அந்தமான் தீவுகளின் கரையோரங்களிலும் கழிமுகங்களிலும் சில மேடுகள் இருக்கின்றன. பார்த்தால் சாதாரண மண்மேடு போலத் தோன்றும். மேலே மரமும் செடியும் முளைத்திருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே சிப்பி. மேலும் வெட்டினால் மேலும் சிப்பி. சில மேடுகள் ஆள் உயரத்தையும் தாண்டும்.

கடல் அலை கொண்டு வந்து குவித்த சிப்பிகளா இவை? இல்லை. சிப்பிகளோடு பன்றி எலும்பு, ஆமை எலும்பு, மீன் எலும்பு, கரி, சாம்பல், உடைந்த மண்பானை ஓடு, உடைத்துக் கூராக்கிய கல் ஆகியவையும் கலந்து கிடக்கின்றன. அலை பானை செய்யாது. அலை அடுப்பு மூட்டாது. இவை மனிதர் தின்று போட்ட மிச்சம். பல தலைமுறைகள் ஒரே இடத்துக்கு வந்து தங்கி, சமைத்து, தின்று, ஓடுகளை ஒரே இடத்தில் போட்டார்கள். மேடு வளர்ந்தது.

இந்த மேடுகளைப் பற்றி 1870-ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற நிலவியல் அறிஞர் எழுதினார். 1950-களில் லிடியோ சிப்ரியானி என்ற இத்தாலிய மானிடவியல் அறிஞர் சில மேடுகளைத் தோண்டிப் பார்த்தார். 1980-களில் ஜரீன் கூப்பர் என்ற தொல்லியல் அறிஞர் தீவு தீவாகச் சென்று மேடுகளைத் தேடினார். தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்ற இடத்தில் உள்ள மேட்டை ஆராய்ந்தார். தம் ஆய்வுகளை 2002-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

எப்படித் தோண்டுகிறார்கள்?

தொல்லியல் ஆய்வு என்றால் மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வெட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். புதையல் தேடுபவர்தான் அப்படி வெட்டுவார். ஆய்வாளர் வேலை செய்யும் முறை வேறு.

முதலில் நடப்பார்கள். ஊர் ஊராக, கரை கரையாக நடந்து பார்ப்பார்கள். எங்கே மேடு இருக்கிறது, எங்கே பானை ஓடு கிடக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களிடம் விசாரிப்பார்கள். உழவருக்கும் மீனவருக்கும் தெரிந்த சேதி இதில் மிகவும் உதவும்.

இரண்டாவது, இடத்தை அளந்து, முளை அடித்து, கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல இதைச் செய்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டு. மேடு முழுவதையும் தோண்ட மாட்டார்கள். ஒரு பகுதியை மட்டும் தோண்டுவார்கள். மீதியை விட்டுவைப்பார்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவிகளோடு வருகிறவர்கள் அதைப் பார்க்கட்டும் என்பதுதான் காரணம்.

மூன்றாவது, அடுக்கு அடுக்காக மண்ணை நீக்குவார்கள். கொத்தனார் வைத்திருப்பது போன்ற சிறிய கரண்டி, தூரிகை ஆகியவையே முக்கியமான கருவிகள். மண்ணின் நிறம் மாறினால் அங்கே நிறுத்துவார்கள். அது வேறு அடுக்கு.

நான்காவது, எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள். மீன் முள், சிறு எலும்பு, கருகிய விதை போன்றவை கண்ணுக்குத் தப்பலாம். சல்லடைக்குத் தப்பாது.

ஐந்தாவது, எழுதுவார்கள். எந்தக் கட்டம், எவ்வளவு ஆழம், எந்த அடுக்கு, எந்தத் தேதி என்று பையின் மேல் சீட்டு ஒட்டுவார்கள். படம் வரைவார்கள். புகைப்படம் எடுப்பார்கள். இதுதான் முக்கியமான வேலை. ஏன் தெரியுமா? ஒருமுறை தோண்டிய இடத்தை மறுபடியும் தோண்ட முடியாது. புத்தகத்தைக் கிழித்துக்கொண்டே படிப்பது போன்றது இது. கிழிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

கீழே பழையது, மேலே புதியது

பழைய பேப்பர் கடைக்குப் போயிருப்பீர்கள். ஒரு வீட்டில் தினமும் செய்தித்தாளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருப்பது பழைய நாளுடையது. மேலே இருப்பது நேற்றையது. தேதி பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம்.

மண்ணும் அப்படித்தான். கீழ் அடுக்கு பழையது. மேல் அடுக்கு புதியது. தொல்லியலின் முதல் பாடம் இது. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் இந்த முறையில்தான் தோண்டினார். இந்திய மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அங்கே சில அடுக்குகளில் இத்தாலி நாட்டில் செய்த பானை ஓடுகள் கிடைத்தன. அந்தப் பானைகள் எந்தக் காலத்தவை என்பது முன்பே தெரியும். அதனால் அந்த அடுக்கின் காலமும் தெரிந்தது. அதே அடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளின் காலமும் தெரிந்தது.

அந்தமான் மேடுகளிலும் இப்படிக் காலம் சொல்லக்கூடிய பொருள்கள் உண்டு. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய இரும்பை அந்தமான் மக்கள் எடுத்து அம்பு முனை செய்தார்கள். வெளியாரின் கண்ணாடிப் பாட்டிலை உடைத்துக் கூரான சில்லு செய்தார்கள். அதைக்கொண்டு முடி மழித்தார்கள். ஒரு அடுக்கில் பாட்டில் சில்லு கிடைத்தால், அந்த அடுக்கு உருவான காலத்தில் வெளியாரின் பொருள் இங்கே வந்துவிட்டது என்று பொருள். நாய் எலும்பும் அப்படித்தான். 1858-இல் குடியிருப்பு வருவதற்கு முன் இந்த மக்களிடம் நாய் இல்லை. பிறகுதான் நாயை வேட்டைக்குப் பழக்கினார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பேப்பர் கட்டைக் குழந்தை கலைத்துவிட்டால் என்ன ஆகும்? மேலே இருப்பது கீழே போகும். மேட்டிலும் இது நடக்கும். நண்டு வளை தோண்டும். மரத்தின் வேர் இறங்கும். மனிதரும் குழி வெட்டுவார்கள். மேல் அடுக்குப் பொருள் கீழே விழுந்துவிடும். எனவே ஆய்வாளர் முதலில் கேட்கும் கேள்வி இது: இந்த அடுக்கு கலையாமல் இருக்கிறதா?

கரிக்கு வயது சொல்வது எப்படி?

சௌல்தாரி மேட்டின் வயதைக் கண்டுபிடிக்க அறிவியல் ஆய்வுக்கூடம் உதவியது.

மரம், செடி, விலங்கு, மனிதர் எல்லாருடைய உடம்பிலும் கார்பன் உண்டு. தமிழில் கரிமம் என்கிறோம். அதில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கம் உள்ளது. அதற்குக் கார்பன்-14 என்று பெயர். உயிர் இருக்கும்வரை அது உடம்பில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் சேர்வது நின்றுவிடும். இருப்பது மெல்ல மெல்லக் குறையும்.

தட்டில் வைத்த கற்பூரம் நாளுக்கு நாள் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். கார்பன்-14 அதைவிட மிக மிக மெதுவாகக் குறையும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். இன்னும் 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியிலும் பாதியாகும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், உயிர் போய் எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்கிடலாம். அமெரிக்க அறிஞர் வில்லார்டு லிப்பியும் அவருடைய குழுவினரும் 1949-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். இதற்காக லிப்பிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சௌல்தாரி மேட்டுக்கு இந்த முறையில் கிடைத்த வயது 2,280 ஆண்டுகள். 90 ஆண்டுகள் கூடலாம் அல்லது குறையலாம். இந்தக் கணக்கை 1950-ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவது வழக்கம். அசோகர் ஆட்சி செய்த காலத்தை ஒட்டிய காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அசோகர் கல்வெட்டு எழுதினார். அதனால் அவர் பெயர் நமக்குத் தெரியும். அதே காலத்தை ஒட்டி, சௌல்தாரியில் ஒருவர் சிப்பியைச் சுட்டுத் தின்று ஓட்டை வீசினார். அவர் பெயர் தெரியாது. ஆனால் அவர் இருந்தார் என்பது உறுதி.

மேடு என்ன சொல்கிறது?

ஆய்வுக்கூடத்தில் சிப்பிகளை வகை வகையாகப் பிரிப்பார்கள். எண்ணுவார்கள். எடை போடுவார்கள். நம் ஊர் மீன் மார்க்கெட்டில் கூறு கட்டுவதுபோல இருக்கும்.

சில நத்தைகள் அலையாத்திக் காட்டுச் சேற்றில்தான் வாழும். சில சிப்பிகள் பவளப் பாறையில்தான் இருக்கும். மேட்டில் சேற்று நத்தை ஓடு நிறைய இருந்தால், பக்கத்தில் அலையாத்திக் காடு இருந்திருக்கிறது என்று தெரிகிறது. மேல் அடுக்கில் அது குறைந்து வேறு சிப்பி கூடினால், கரை மாறியிருக்கலாம். அல்லது மக்கள் சாப்பாட்டை மாற்றியிருக்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று கரை மாறியதை நாமே கண்டோம். நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் நீர் புகுந்து நின்றது. நெல் விளைந்த இடத்தில் உப்பு நீர் வந்தது. இப்படிப்பட்ட மாற்றங்கள் முற்காலத்திலும் நடந்திருக்கின்றன. அவற்றின் தடத்தையும் மண் அடுக்குகளில் தேடலாம்.

எலும்பில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தீயில் கருகியதா என்று பார்ப்பார்கள். பானை ஓட்டின் வளைவை அளந்தால் முழுப் பானை எவ்வளவு பெரியது என்று சொல்லலாம்.

கிடைக்காத பொருளும் சேதி சொல்லும். அந்தமான் மக்கள் வேட்டையாடிய பன்றியின் மண்டையோட்டைக் குடிசையில் தொங்கவிடுவது வழக்கம். இதைப் பிற்காலத்தில் பலர் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். எனவே மேட்டில் கால் எலும்பு நிறைய இருந்து மண்டையோடு குறைவாக இருந்தால் ஆய்வாளர் வியப்படைய மாட்டார். தலை வேறு இடத்தில் தொங்கியிருக்கும்.

மேடு சொல்லாதது என்ன?

மூங்கில் அழுகிவிடும். ஓலை மட்கிவிடும். மரத்தோணி, கயிறு, கூடை எதுவும் இந்த மழை நாட்டில் நெடுங்காலம் நிற்காது. பாட்டும் பேச்சும் மண்ணில் பதியாது. மேட்டில் கிடைப்பது வாழ்க்கையின் ஒரு சிறு பகுதிதான். மேட்டில் கூடை இல்லை என்பதால் அவர்களுக்குக் கூடை பின்னத் தெரியாது என்று சொன்னால் அது பெரிய தவறு.

இன்னொன்றும் உண்டு. சௌல்தாரியின் வயது சுமார் 2,300 ஆண்டுகள் என்றால், மனிதர் அந்தமானுக்கு அப்போதுதான் வந்தார்கள் என்று பொருளா? இல்லை. இதுவரை கண்டவற்றில் பழையது அது என்று மட்டுமே பொருள்.

ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓங்கே மக்களின் மரபணுவையும் கிரேட் அந்தமானிய மக்களின் மரபணுவையும் அவர்கள் பார்த்தார்கள். இந்த மக்களின் தாய்வழி மரபு பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மற்றவர்களிடமிருந்து பிரிந்தது என்று கண்டார்கள்.

மேடு ஒரு கணக்குச் சொல்கிறது. மரபணு வேறொரு கணக்குச் சொல்கிறது. இரண்டும் மோதுகின்றனவா? அவசியம் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. அன்றைய கடற்கரை இன்று கடலுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கரையில் யாராவது வாழ்ந்திருந்தால் அவர்கள் போட்ட சிப்பியும் நீருக்கு அடியில்தான் இருக்கும். அந்த மக்கள் எப்போது தீவுக்கு வந்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை.

நல்ல ஆய்வாளர் மூன்று சொற்களைக் கவனமாகப் பயன்படுத்துவார். "கிடைத்தது" என்பது ஒன்று. "இருக்கலாம்" என்பது ஒன்று. "தெரியவில்லை" என்பது ஒன்று. இந்த மூன்றையும் கலந்து பேசக் கூடாது.

அவர்கள் இன்றும் இருக்கிறார்கள்

பழைய மேட்டைப் பற்றிப் பேசும்போது, அதைப் போட்டவர்கள் மறைந்துபோன மனிதர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல் மக்கள் ஆகியோர் இன்றும் இந்தத் தீவுகளில் வாழ்கிறார்கள்.

இந்த நகரம் இருக்கும் பகுதியில் முன்பு ஆக்கா-பேயா என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கிரேட் அந்தமானியரில் அவர்கள் ஒரு பிரிவினர். வெளியார் வந்த பிறகு புதிய நோய்களும் வந்தன. 1877-இல் தட்டம்மை பரவியது. பலர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்தார்கள். பின்னர் எண்ணிக்கை சற்றே கூடியது. ஆனால் பல மொழிகள் போய்விட்டன. 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி காலமானார். ஆக்கா-போ என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அவரோடு அந்த மொழியும் போயிற்று.

மொழி போனபின், அந்த மக்களின் நீண்ட வரலாற்றுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சிகளில் முக்கியமானவை இந்த மேடுகள். மேட்டையும் அழித்துவிட்டால் சாட்சி குறைந்துவிடும்.

நகரத்தில் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழங்குடி மக்களின் வில், அம்பு, கூடை முதலியவற்றைக் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஜாரவா மக்களைப் பார்க்க வேண்டும் என்று காட்டுக்குள் போகக் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது. அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள். காட்சிப் பொருள்கள் அல்ல.

தாத்தாவும் பேத்தியும்

ஒரு தாத்தா தம் தோட்டத்தில் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டுகிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பக்கத்தில் நிற்கிறாள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

தாத்தா: என்னம்மா இது, மண்ணே இல்ல. பூராவும் சிப்பியா இருக்கு. மண்வெட்டி இறங்க மாட்டேங்குது.

பேத்தி: தாத்தா, கொஞ்சம் நிறுத்துங்க. இதோ பாருங்க, எலும்பு. இது பானை ஓடு.

தாத்தா: பழைய குப்பைம்மா. சிப்பிய அள்ளிச் சுண்ணாம்புக்குப் போட்டுட்டா இடம் சுத்தமாயிடும்.

பேத்தி: அள்ளிட்டா கதை போயிடும் தாத்தா. எது மேல இருந்துச்சு, எது கீழ இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்.

தாத்தா: சரி, இந்த ஓட்டை மட்டும் எடுத்து மியூசியத்துல கொடுத்துடலாமா?

பேத்தி: ஓட்டை மட்டும் கொடுத்தா அவங்க கேப்பாங்க, எங்க கிடைச்சுது, எவ்வளவு ஆழத்துலன்னு. நாம என்ன சொல்றது? இருந்த இடத்துலயே இருக்கட்டும். அவங்கள வந்து பாக்கச் சொல்லலாம்.

தாத்தா: அப்ப நம்ம தோட்டத்தப் புடுங்கிக்க மாட்டாங்களே?

பேத்தி: சும்மா புடுங்க முடியாது தாத்தா. பஞ்சாயத்துல கேட்டுட்டே சொல்லுவோம். கன்றை அந்தப் பக்கமா நட்டுக்கலாம்.

தாத்தா: அதுவும் சரிதான். ரெண்டு கஜம் தள்ளி வெச்சா தென்னைக்கு ஒண்ணும் குறையாது.

தாத்தா பயந்தது நியாயமான பயம். நிலம் அவருடைய பிழைப்பு. பேத்தி சொன்னதும் நியாயம். இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு. இரண்டு கஜம் தள்ளி நடுவது சின்ன வேலைதான்.

நாம் என்ன செய்யலாம்?

1. பழைய ஓடு, எலும்பு, கல் கருவி ஆகியவற்றைக் கண்டால் எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே விடுங்கள்.

2. இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊர், யார் தோட்டம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று குறியுங்கள். இப்போது நமக்கு எழுதத் தெரியும் அல்லவா? முடிந்தால் செல்பேசியில் படம் எடுங்கள்.

3. பஞ்சாயத்து உறுப்பினர், பள்ளி ஆசிரியர், வட்டாட்சியர் அல்லது அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.

4. நீங்களே தோண்டிப் பார்க்காதீர்கள். தொல்லியல் இடங்களைக் காக்க 1958-ஆம் ஆண்டில் இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்டது என்று அரசு அறிவித்த இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம்.

5. பழம்பொருள் வாங்குகிறேன் என்று வருபவரிடம் எதையும் விற்காதீர்கள்.

6. வீட்டில் உள்ள முதியவர்களிடம் பழைய கதை கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், அப்போது அபர்டீன் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

நாமும் அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றோம். அதற்கு முன்பும் நாம் உழைத்தோம், குடும்பம் நடத்தினோம், ஊரைக் கட்டினோம். எழுதத் தெரியாத நாள்களிலும் நமக்கு வாழ்க்கை இருந்தது. சௌல்தாரியில் சிப்பி தின்றவர்களுக்கும் அப்படியே. எழுதாத மனிதருக்கும் வரலாறு உண்டு. அது கலையாமல் கிடக்கும்வரைதான் அதைப் படிக்க முடியும்.

சொல் தெரிந்துகொள்வோம்

தொல்லியல் – பழங்கால மக்கள் விட்டுச் சென்ற பொருள்களைக் கொண்டு அவர்கள் வாழ்க்கையை அறியும் கல்வி

அடுக்கு – ஒரே காலத்தில் படிந்த மண்

கழிமுகம் – ஆறு அல்லது ஓடை கடலில் சேரும் இடம்

அலையாத்திக் காடு – கடலோரச் சேற்றில் வளரும் காடு

மரபணு – பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடற்கூற்றுச் செய்தி

விடை சொல்லுங்கள்

1. சிப்பி மேட்டைக் கடல் அலை உண்டாக்கவில்லை என்பது எப்படித் தெரிகிறது?

2. ஒரு அடுக்கில் பாட்டில் கண்ணாடிச் சில்லு கிடைத்தால் என்ன தெரியவரும்?

3. ஆய்வாளர்கள் மேடு முழுவதையும் ஏன் தோண்டுவதில்லை?

4. தாத்தா பானை ஓட்டை எடுத்து அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தால் எந்தச் சேதி கிடைக்காமல் போயிருக்கும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் குப்பையை ஒரு நாள் கவனியுங்கள். என்னென்ன பொருள்கள் என்று எழுதுங்கள். 2,000 ஆண்டுகள் கழித்து அவற்றில் எவை மண்ணில் மிஞ்சியிருக்கும்? எவை மட்கிப் போயிருக்கும்? மிஞ்சியதை மட்டும் பார்க்கிறவர் உங்கள் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்? உங்கள் குழுவில் பேசுங்கள்.